இணையத்தில் கிடைக்கும் படம், பாட்டு, நூல்: எதை எடுக்கலாம், எப்படிப் பெயர் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர் வரலாற்றுப் புத்தகம், யூடியூப் சேனல் என்று எதையாவது செய்துகொண்டிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மலர் தொகுப்பதும் பக்கம் வடிவமைப்பதும் என் வேலை. நான் வக்கீல் இல்லை. நோட்டீஸ், வழக்கு என்று போய்விட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

கூகுளில் வந்த படம்தானே அண்ணே, எடுத்துப் போட்டால் என்ன? கீழே ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுவிடுகிறோமே?

கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்கு வழி சொன்னவரைப் பார்த்து ‘சாப்பாடு பிரமாதம்’ என்று கும்பிடுவது போலத்தான் அந்த நன்றி. ‘படம்: இணையம்’ என்பதும் இதே வகைதான்.

ஒருவர் படம் எடுத்த நிமிடமே அதன் பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, ஓரத்தில் வட்டத்துக்குள் குறி போட வேண்டியதும் இல்லை. இந்தியாவில் இதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே எதுவும் எழுதாத படம் என்றால் ‘கேட்காமல் எடுக்காதே’ என்றுதான் பொருள். வாட்ஸ்அப்பில் வந்தது, பின்டரஸ்டில் கிடந்தது எல்லாவற்றுக்கும் இதே பதில்.

அப்படியானால் கேட்காமலே எடுக்கக்கூடியது எதுதான்?

இரண்டு வகை. ஒன்று, உரிமைக் காலம் முடிந்துபோனவை. இன்னொன்று, உரிமையாளரே ‘இன்ன நிபந்தனையோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வைத்தவை. இரண்டாவது வகையில் அதிகம் காணப்படுவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். 2002 டிசம்பரில் முதலில் வெளிவந்தன. இப்போது பரவலாக இருக்கும் 4.0 பதிப்பு 2013-இல் வந்தது.

‘பை’ என்றால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி வெளியிடும்போது அதற்கும் அதே உரிமத்தைத் தர வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’ என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. இவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஆறு உரிமங்கள். இவை போக ‘சிசி ஜீரோ’ என்று ஒன்று உண்டு (‘சிசி’ என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ்). அதில் எந்த நிபந்தனையும் இல்லை.

எங்கள் கோயில் மலர் லாபத்துக்கு இல்லை. ‘என்சி’ படம் போடலாம்தானே?

மலரில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரம் எத்தனை பக்கம்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

‘என்சி’ உரிமம் ஆளைப் பார்ப்பதில்லை, பயன்பாட்டைப் பார்க்கிறது. வணிக ஆதாயமோ பண வரவோ முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது என்பது அதன் வாசகம். அறக்கட்டளை நடத்தினாலும், விளம்பரம் வாங்கி விலை வைத்து விற்கும் மலரை ‘வணிகம் இல்லை’ என்று சாதிக்க முடியுமா? முடியலாம், முடியாமலும் போகலாம். அந்த வம்பே வேண்டாம் என்பது என் கட்சி. விளம்பரம் வரும் யூடியூப் சேனலுக்கும் இதேதான். பை, பை-எஸ்ஏ, சிசி ஜீரோ ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். ‘என்டி’யையும் தொடாதீர்கள். நம் ஊரில் படத்தை அப்படியே போடுகிறவர் யார்? பின்னணியை வெட்டி, மேலே தலைப்பு ஏற்றி, ஓரத்தில் தலைவர் படத்தை ஒட்டித்தானே முடிக்கிறோம்.

மதுரை சம்பந்தமான நல்ல படம் எங்கே தேடுவது?

முதல் இடம் விக்கிமீடியா பொதுவகம், விக்கிப்பீடியாவின் படக் கிடங்கு. 2004-இல் தொடங்கியது, அங்கே வணிகத் தடையுள்ள உரிமத்தை ஏற்பதே இல்லை என்பதால் வடிகட்டும் வேலை பாதி குறைகிறது. அடுத்து ஓப்பன்வெர்ஸ், ஒரே இடத்திலிருந்து பல தளங்களைத் தேடும். ஃபிளிக்கரிலும் உரிமத்தை வைத்துத் தேடலாம். கூகுள் படத் தேடலில் ‘கருவிகள்’ பகுதிக்குள் ‘பயன்பாட்டு உரிமைகள்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அன்ஸ்பிளாஷ், பிக்சாபே போன்றவை கிரியேட்டிவ் காமன்ஸ் இல்லை, தங்களுக்கென்று தனி உரிமம் வைத்திருக்கின்றன. பெரும்பாலான வேலைக்கு அது போதும். ஆனால் படத்தை அப்படியே அச்சடித்து விற்க அனுமதி கிடையாது.

பழைய மதுரைக்குத்தான் புதையல் இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி 1858-இல் பெரிய கேமராவைச் சுமந்துகொண்டு வந்து மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். மகாலைப் பின்னாளில் ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்ப்பதற்கு முன், அது சிதைந்து நின்ற கோலத்தை அந்தப் படங்களில் பார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் உரிமைக் காலம் முடிந்த தன் சேகரிப்புகளின் படங்களை 2017 முதல் சிசி ஜீரோவில் தருகிறது. டிரைப்பின் படங்களும் அங்கே உண்டு.

ஆனால் இன்றைய எழுத்துக்கூட்டலில் மதுரை என்று ஆங்கிலத்தில் தட்டினால் அவை சரியாக மாட்டாது. அந்தக் காலத்தில் அவர்கள் எழுதியது ‘மதுரா’ (Madura). புதுமண்டபத்துக்கு ‘திரிமுல் நாயக் சவுல்ட்ரி’ (Trimul Naik's Choultry) என்று பெயர் எழுதியிருப்பார்கள். அப்படித் தட்டிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தோனேசியாவில் மதுரா என்றே ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் காளைப் பந்தயம் பேர்போனது. ‘மதுரா காளை’ என்று தேடி, வந்ததை அலங்காநல்லூர் என்று நினைத்து மலரில் ஏற்றிவிட்டால் வாடிவாசல் பக்கம் தலைகாட்ட முடியாது.

பக்கத்தில் உரிமம் எழுதியிருக்கிறது. அதை அப்படியே நம்பலாமா?

எழுதியவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. யாரோ எடுத்த படத்தை இன்னொருவர் தன் கணக்கில் ஏற்றி ‘பை’ என்று போட்டுவிடுவது நடக்கிறது. பத்திரிகைப் படமும் சினிமா ஸ்டில்லும் இப்படி உலவும்.

கவனித்தால் பிடிபடும். படம் சின்ன அளவில் இருக்கும். கேமரா விவரம் இருக்காது. ஏற்றியவரின் மற்ற படங்களைப் பார்த்தால் ஒன்று நடிகர், ஒன்று ஆல்ப்ஸ் மலை, ஒன்று அழகர் எதிர்சேவை என்று கதம்பமாக இருக்கும். கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். நாலு வருடம் முன்பே ஒரு செய்தித்தளத்தில் பெரிய அளவில் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். எடுத்த அன்றே உரிமம் தெரியும்படி அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களைத் தேதியோடு பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்தும் வையுங்கள். உரிமையாளர் பின்னால் மனம் மாறி உரிமத்தை நீக்கினாலும், முன்பு எடுத்தவரின் அனுமதி போகாது. ஆனால் முன்பு இருந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டுமே.

பெயர் போடுவது என்றால் எப்படிப் போடுவது?

நான்கு விவரம்: படத்தின் தலைப்பு, எடுத்தவர், எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம். மாற்றியிருந்தால் ஐந்தாவதாக அதையும் சொல்ல வேண்டும். இப்படி:

“யானைமலை, ஒத்தக்கடையிலிருந்து. படம்: எடுத்தவர் பெயர். விக்கிமீடியா பொதுவகம். உரிமம்: சிசி பை-எஸ்ஏ 4.0. ஓரம் வெட்டி, நிறம் கூட்டப்பட்டது.”

இணையத்தில் என்றால் பெயரிலும் உரிமத்திலும் இணைப்புக் கொடுங்கள். அச்சில் என்றால் உரிமத்தின் முகவரியை ஓரிடத்தில் முழுதாகப் போடுங்கள். எடுத்தவர் தன் பயனர் பெயரைத்தான் தந்திருக்கிறார் என்றால் அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அதையே போட வேண்டும். நீங்களாக அழகுபடுத்தக் கூடாது. பொதுவகத்தில் தரவிறக்கும் பெட்டியிலேயே இந்த வரி தயாராக இருக்கும், எடுத்து ஒட்டினால் போதும்.

மலரில் ஒவ்வொரு படத்தின் அடியிலும் இடிக்கிறது என்றால் கடைசிப் பக்கத்தில் பக்க எண்ணோடு பட்டியல் போடலாம். ‘உரிய விதத்தில்’ என்பதுதான் உரிமத்தின் நிபந்தனை, அடியில்தான் என்று இல்லை. யூடியூபில் விளக்கப் பகுதியில் போடலாம். பத்தடி ஃபிளெக்ஸில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ‘இவண்’ என்று நாற்பது பேர் பெயர் ஏறுகிறதே, அதற்குக் கீழே ஒரு வரிக்கா பஞ்சம்?

தேடும்போதே இந்த ஐந்தையும் ஒரு எக்செல் தாளில் குறித்துவிடுங்கள். மலர் அச்சுக்குப் போகும் இரவில் ‘இந்தப் படம் எங்கே எடுத்தது’ என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பது மிச்சமாகும்.

‘எஸ்ஏ’ படம் ஒன்றைப் போட்டால் மலர் முழுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டுமாமே?

வேண்டாம். ஒரு புத்தகத்தில் படத்தைச் சேர்ப்பதால் மற்றக் கட்டுரைகள் மாறிவிடாது. படத்தையே மாற்றி வேறு படமாகச் செய்தால், அந்தப் புதிய படத்துக்குத்தான் ‘எஸ்ஏ’ ஒட்டும்.

எழுத்து வேறு கதை. ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையை வெட்டி ஒட்டி, நடுநடுவே நீங்கள் இரண்டு பத்தி சேர்த்தீர்கள் என்றால் அந்தக் கலவை பை-எஸ்ஏ ஆகிவிடும். விக்கிப்பீடியா எழுத்து இப்போது பை-எஸ்ஏ 4.0. கட்டுரைக்கு இணைப்போ முகவரியோ கொடுத்து, உரிமத்தையும் சொன்னால் போதும். தகவலை மட்டும் எடுத்து உங்கள் வார்த்தையில் எழுதினால் உரிமம் தேவையில்லை, தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அப்போதும் எங்கே படித்தீர்கள் என்று சொல்வது மரியாதை.

சிலப்பதிகாரம், திருக்குறள் எல்லாம் பொதுச்சொத்துதானே?

மூலம் பொதுச்சொத்து. உரை அப்படி இல்லை. இங்கேதான் பள்ளி மலர்கள் வழுக்கி விழுகின்றன.

இந்தியாவில் நூலுக்கான உரிமை, ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். அவர் எழுதியவை 2003 முதலே எல்லோருக்கும் பொது. 1921-இல் நம் மேல மாசி வீதியில் அரையாடைக்கு மாறிய காந்தி 1948-இல் மறைந்தார். அவர் எழுத்து 2009-இலிருந்து பொது. ஆனால் அதைத் தமிழாக்கியவருக்குத் தனிக் கணக்கு. திருக்குறளுக்குத் தெளிவுரை எழுதிய மு. வரதராசனார், மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது 1974-இல் காலமானார். 60 ஆண்டுக் கணக்குப்படி அவர் உரை 2034 முடியும்வரை பொதுவாகாது. இணையத்தில் நூறு இடத்தில் கிடக்கிறது என்பது இந்தக் கணக்கை மாற்றாது.

குறுக்குவழி ஒன்று தமிழுக்கு உண்டு: நாட்டுடைமை. எழுத்தாளரின் மரபுரிமையருக்குத் தமிழ்நாடு அரசு பரிவுத் தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. 1904-இல் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதியின் நூல்களை 1949-இலேயே அரசு எடுத்துக்கொண்டது. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகளும், அவர் உரிமைக் காலம் முடிவதற்கு முன்பே நாட்டுடைமையாயின. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் விக்கிமூலத்திலும் படிக்கலாம், எடுத்து அச்சிடலாம். புதிதாகப் பதிப்பித்தவர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அட்டைப்படமும் அதில் சேராது.

மதுரைத் திட்டம் என்பது மதுரையில்தான் இருக்கிறதா?

இல்லை, சங்கம் வளர்த்த ஊர் என்பதற்காக வைத்த பெயர். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்க, உலகெங்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தது. ‘இந்த முகப்புப் பக்கத்தை நீக்காமல் இலவசமாகப் பரப்பிக்கொள்ளலாம்’ என்ற வரி அந்தக் கோப்புகளின் தலையிலேயே இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் பிறப்பதற்கு முன்பே அவர்கள் கேட்டது அவ்வளவுதான். அந்த முகப்பில் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்ற விவரம் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மின்னூலாக விற்பவர்களைப் பார்க்கும்போது எரிச்சலாக வருகிறது.

ஆர்க்கைவ் (archive.org) தளம் வேறு மாதிரி. யாரும் எதையும் ஏற்றலாம், ஆகவே அங்கே இருப்பதாலேயே எடுக்கலாம் என்று ஆகாது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் உரிமம் மாறும், திறந்து பாருங்கள்.

கோபுரத்தை, சிலையை நானே படம் எடுத்துப் போட்டால்?

தாராளமாக. கோபுரத்துக்குப் பதிப்புரிமை இல்லை, எடுத்த படத்துக்கு உரிமையாளர் நீங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கட்டடம், சிற்பம் ஆகியவற்றைப் படம் எடுத்து வெளியிடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தமுக்கம் தமிழன்னை, கோரிப்பாளையம் தேவர் சிலை எல்லாம் இதில் அடங்கும். சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. பாலத் தூணில் புதிதாக வரைந்த ஓவியத்தைப் பின்னணியாக விடலாம். அதையே முழுப்பக்கமாகப் போட வேண்டும் என்றால் வரைந்தவரைக் கேளுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்குத் தடை இருக்கிறது. அது கோயில் விதி. பதிப்புரிமையோடு அதைக் குழப்பக் கூடாது. ஒரு படத்தின் உரிமம் சரியாக இருக்கலாம், ஆனால் சன்னதிக்குள் எடுத்த படத்தைப் போட்டால் உங்கள் மலரைக் கோயிலுக்குள் வைக்க விடமாட்டார்கள்.

கீழடிப் படங்கள் அரசுடையவை. மக்கள் வரிப்பணம்தானே, எடுக்கலாமா?

நியாயமான கோபம்தான், சட்டம் அப்படி இல்லை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் வேலையாக எடுத்த படத்துக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது, அதனால்தான் நாசா படங்கள் எங்கும் உலவுகின்றன. இந்தியாவில் அரசுப் படைப்புக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு. சட்டங்கள், அரசிதழ், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2017-இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமத்தில் வெளியானவற்றை எடுக்கலாம். அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழடிக் கையேட்டிலிருந்து ஸ்கேன் செய்வதைவிட, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது நேர்வழி.

மாட்டுத்தாவணியில் பூ விற்கும் அம்மா படம் ‘பை’யில் கிடைத்தது. எங்கள் மல்லிகை அத்தர் டப்பாவில் போடலாமா?

போடாதீர்கள். எடுத்தவர் தன் உரிமையைத்தான் கொடுத்தார். அந்த அம்மா தன் முகத்தை விளம்பரத்துக்குக் கொடுக்கவில்லை. உரிமத்தின் வாசகத்திலேயே இது சேராது என்று இருக்கிறது. மல்லிகைச் சந்தையைப் பற்றிய கட்டுரையில் அந்தப் படம் வருவது வேறு, டப்பாவில் வருவது வேறு. மல்லிகைப்பூவை மட்டும் காட்டும் படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. குழந்தைகள் முகம் தெரியும் படத்துக்கு நான் எந்த உரிமம் இருந்தாலும் பெற்றோரைக் கேட்காமல் தொடுவதில்லை.

கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த படம் யாருடையது?

வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காசு கொடுத்தவருடையது. ஆனால் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஸ்டூடியோ பெயரைப் போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

வீடியோவுக்குப் பாட்டு?

பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை. தியாகராஜர் கீர்த்தனை பொது. போன வருடம் ஒருவர் பாடிப் பதிவு செய்தது பொது இல்லை. சித்திரைத் திருவிழாவில் எடுத்த வீடியோவில் ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டு விழுந்தாலே யூடியூப் கண்டுபிடித்துவிடும். யூடியூப் ஒலி நூலகத்தில் எடுங்கள். ‘என்டி’ இசையை வீடியோவோடு சேர்த்தாலே அது மாற்றம் என்று கணக்கு, ஆகவே ஆகாது. இதைவிட நல்ல வழி, உங்கள் ஊர் நாதஸ்வரக்காரரைக் கேட்டு, சம்மதம் எழுதி வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, நீங்களே பதிவு செய்வது.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டா?

உண்டு, டிடிபி கடைகள் கண்டுகொள்ளாத விஷயம் இது. யாரோ பென்டிரைவில் கொடுத்த எழுத்துருவைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எழுத்துருக்களுக்கென்றே உள்ள திறந்த உரிமமான ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் எல்லாம் இருக்கின்றன. நம் ஊர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரை, அரிமா மதுரை என்று இரண்டு. அச்சு, ஃபிளெக்ஸ், வணிகம் எதற்கும் பயன்படுத்தலாம். பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

தேரோடும் வீதிக்கு வரைபடம்?

கூகுள் மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிடாதீர்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மாசி வீதிகள் எல்லாம் இருக்கின்றன. ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட்டால் சரி.

ஏஐ-யில் அழகர் படம் செய்து போட்டால் தொல்லையே இல்லையே?

குதிரைக்கு ஐந்து கால் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அலங்காரத்துக்கு ஒரு படம் என்றால் ‘ஏஐ படம்’ என்று எழுதிப் போடுங்கள். இந்த ஆண்டு எதிர்சேவை என்று போட்டால் அது பொய்.

பெயர் போட மறந்துவிட்டோம், எடுத்தவர் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். என்ன செய்வது?

அன்றே பதில் எழுதுங்கள், அன்றே திருத்துங்கள். 4.0 உரிமத்தில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி தானாகத் திரும்பிவிடும். 3.0-உம் அதற்கு முந்தியவையும் அப்படி இல்லை. மீறிய கணமே அனுமதி போய்விடும், உரிமையாளர் மறுபடி தந்தால்தான் உண்டு. இதை வைத்தே பணம் கேட்டு மிரட்டும் ஆட்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். எடுக்கும்போதே பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அச்சான மலர் என்றால் மீதமுள்ள பிரதிகளில் ஒரு சீட்டு ஒட்டலாம்.

நாங்கள் எடுத்த படங்களையும் இப்படிக் கொடுக்க நினைக்கிறோம்.

நல்ல யோசனை. கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டிக் குடைவரை, ஊர்க் கண்மாய் மடை, அய்யனார் கோயில் புரவி எடுப்பு: இவற்றுக்கெல்லாம் திறந்த உரிமத்தில் நல்ல படம் இன்னும் நிறைய வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு யாராவது உங்கள் படத்தை நாட்காட்டியில் அடித்து விற்றாலும், பெயர் போட்டிருந்தால் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. அது சரிப்படாது என்றால் கொடுக்காதீர்கள், அதில் தப்பே இல்லை.

கொடுப்பது என்று முடிவானால் முழு அளவில் ஏற்றுங்கள், நடுவில் பெயர் முத்திரை குத்தாதீர்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் திருவிழா, எந்தத் தேதி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ‘கோயில் 1’, ‘கோயில் 2’ என்று ஏற்றினால் யாருக்கும் அகப்படாது. உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு வரி நீங்களே எழுதி வைத்துவிடுங்கள். எடுப்பவர் அதை அப்படியே ஒட்டிக்கொள்வார்.